ஒரு நூல்கூட மாறலைங்க

காலைக் கொஞ்சம் அக்கட்ட நகத்திக்குங்க. பையி மேல பட்டுடப் போகுது. இல்லீங்க, மேல வெக்க மாட்டேன். கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டான், மேல போடுங்க, மேல போடுங்கன்னு. இன்னொரு டிக்கெட் வேணா எடுத்துக்கறேன் தம்பி, மேல மட்டும் போட மாட்டேன்னுட்டேன். பல்லடம் தாண்டறதுக்குள்ள ஒரு பிரேக் போடுவான் பாருங்க, அத்தனை மூட்டையும் நம்ம தலையிலதான் வந்து விழும்.

என்னன்னு பாக்கறீங்களா? கேளுங்க, தப்பில்லை. எல்லாரும் வீணைன்னுதான் நெனைக்கறாங்க. துப்பாக்கிங்க. அட, எந்திரிக்காதீங்க! உக்காருங்க சார். துப்பாக்கியோட கட்டை மட்டுந்தான். குழாயும் இல்லை, குண்டும் இல்லை. போலீஸ்காரன் பிரிச்சுப் பாத்தாலும் உள்ள மரம்தான் இருக்கும். போட்டியில சுடுவாங்களே, தூரத்துல அட்டையை மாட்டி நடுப்புள்ளிக்குக் குறி வெச்சு, அந்த ரைஃபிளுக்குத் தோள்ல பதியிற, கன்னத்துல பதியிற, கையில பிடிக்கிற பாகம் இது. கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் ஒரே அளவுல அனுப்புவான், ரெடிமேட் சட்டை மாதிரி. நாம அதைக் கழட்டி வெச்சுட்டு ஆளுக்குத் தக்கன புதுசாச் செஞ்சு மாட்டிக் குடுக்கறது. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் வந்து பேட்டர்ன் அவிநாசியப்பன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

பேட்டர்ன்னா, பவுண்டரியில பம்ப்பு வார்க்கறாங்கல்ல, அதுக்கு மொதல்ல மரத்துல அச்சு அசலா ஒண்ணு செய்யோணும். அதை மண்ணுல அமுக்கி எடுத்துட்டு அந்தக் குழியில இரும்பை ஊத்துவாங்க. அந்த மரம்தான் பேட்டர்ன். அதுதான் நம்ம குலத்தொழில் மாதிரி. மரம் சரியா இருந்தா இரும்பு சரியா வந்தே தீரோணும். வார்ப்புல கோளாறுன்னு வந்து நிப்பானுக, இரும்பைப் பாரு, மண்ணைப் பாருன்னு திருப்பி அனுப்பிடுவேன். என்ற மரத்துல குத்தம்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வாயைத் தொறந்ததில்லை.

ரைஃபிள் கிளப்புக்காரர் ஒருத்தர் விரிசல் விட்ட கட்டையைக் கொண்டாந்து ஒட்டித் தரச் சொன்னாரு. ஒட்டறதென்ன, புதுசே செஞ்சு தரேன்னுட்டேன். அவரு அதை வெச்சுச் சுட்டுட்டு வந்து, அவிநாசி, துப்பாக்கி கையில இருக்கறதே தெரியலைன்னாரு பாருங்க, அன்னைக்கிப் புடிச்சது இந்தக் கிறுக்கு. இப்ப கேரளாவுல இருந்தெல்லாம் வராங்க.

சூட்சுமம் ரெண்டே ரெண்டுதானுங்க. ஒண்ணு, எடை. துப்பாக்கியை ஒத்தை விரல் மேல வெச்சா எந்த எடத்துல ஆடாம நிக்குதோ, அந்த எடம் சுடறவங்க இடது கை தாங்கற எடத்துக்கு நேரா வரோணும். மூக்குப் பக்கம் சாஞ்சா பின்னால குடைஞ்சு ஈயம் வெப்பேன். ரெண்டாவது, கழுத்து. நின்னு சுடறப்போ கட்டைதான் கண்ணைத் தேடி வரோணும், கண்ணு கட்டையைத் தேடிப் போகக் கூடாது. அதுக்கு ஒரு சோதனை வெச்சிருக்கறேன். கண்ணை மூடிக்கச் சொல்லுவேன். மூடிக்கிட்டே துப்பாக்கியைத் தோள்ல வெக்கோணும், சொகமா நிக்கோணும், பொறவு கண்ணைத் தொறக்கோணும். தொறந்ததும் குறி பாக்கற ஓட்டைக்கு நேரா கண்ணு இருந்தா கட்டை சரி. இல்லைன்னா இன்னும் செதுக்கோணும். ஒரு டாக்டரம்மாவுக்கு எத்தனை தடவை மாத்துனேன் தெரியுமுங்களா! அந்தம்மா ஒண்ணும் சொல்லலை, நல்லாத்தான் இருக்குன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. எங்கீங்க வலிக்குது, சும்மா சொல்லுங்க, சும்மா சொல்லுங்கன்னு நச்சரிச்சுக் கேட்டு வாங்கி மாத்துனேன். வெளியாளுகளுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யோணும், அவங்க உடம்பு நமக்கென்ன தெரியும்?

எம் புள்ளைக்கு அந்த ரோதனையே இல்லை. சுபிக்ஷான்னு பேரு. ஒரே புள்ளை. இப்ப பன்னெண்டாவது படிக்கிறா. நாளைக்குத் திருச்சியில தேர்வு இருக்குதுங்க, மாநில டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. டீம்ல வந்துட்டா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு, மேற்கொண்டு தேசியப் போட்டி. புள்ளை கனவே அதுதான். கிளப்பு ஆளுகளோட நேத்தே போயிட்டா. நான் கட்டையை எடுத்துட்டுப் பின்னால போறேன்.

மொதக் கட்டை அவ ஒன்பதாவது படிக்கறப்போ செஞ்சு குடுத்தது. வேங்கை மரம். ஒரே துண்டு! மத்தவங்களுக்குக் கன்னம் பதியிற எடத்தை வெட்டி, ஏத்தி இறக்க ஸ்க்ரூ வெச்சுக் குடுப்பேன். எம் புள்ளைக்கு வெட்டே போடலை. அந்த ரேகை தலையில இருந்து வாலு வரைக்கும் அப்படியே ஓடும் பாருங்க, அதைப் போயி வெட்டுவாங்களா? சென்னையில இருந்து வந்த ஒருத்தரு அதைத் தடவிப் பாத்துட்டு வெலைக்குக் கேட்டாரு. போங்க சார், இது எம் புள்ளைக்குச் செஞ்சதுன்னுட்டேன்.

நல்லாத்தான் சுட்டுக்கிட்டு இருந்தா. ரெண்டு வருசம் கழிச்சுதான் ஆரம்பிச்சுது. விரல் மரத்துப் போகுதுங்கப்பான்னா. வளர்ற வயசு, ஒசரமா வேற வளந்துட்டா, என்னையத் தாண்டிட்டா. சத்துப் பத்தலைன்னு நான் முட்டையும் பாலும் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் சாப்பிடறப்போ டம்ளரைக் கீழ போட்டுட்டா. கையில இருந்து அதுவா நழுவிருச்சுன்னு சொல்லிட்டு அப்புடியே கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு மனசு பொக்குன்னு போச்சுங்க. சாந்தாமணி, அதான் எங்க வீட்டுக்காரி, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. கழுத்து நரம்பு அழுத்துதாம். குனிஞ்சே இருக்கக் கூடாதாம். நான் சொன்னேன், செல்போனைத் தூக்கி எறின்னு. எந்நேரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அதைப் பாத்தா நரம்பு அழுத்தாம என்ன பண்ணும்?

சாந்தாமணி கேக்கறா, "ஏனுங்க, அந்தக் கட்டையை ஒருக்காப் பாக்கறீங்களா?"ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கொழம்புக்கு உப்புப் போடறதோட உன் சோலியை நிறுத்திக்கன்னுட்டேன். இருந்தாலும் புள்ளை விசயமாச்சே. அன்னைக்கே அவளை நிக்க வெச்சுப் பாத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். வெச்சா. தொறன்னேன். தொறந்தா. அப்புடியே நேர்கோடு! பத்துத் தடவை வெக்கச் சொன்னேன், பத்துத் தடவையும் நேர்கோடு. டாக்டரம்மாவுக்குக் கூட அப்புடி வந்ததில்லீங்க. "சொகமா இருக்குதா அம்மிணி?"ன்னு கேட்டேன். "இருக்குதுங்கப்பா"ன்னா. இதுக்கு மேல என்னங்க வேணும்?

கிளப்புல எஸ்தர்னு ஒரு கோச்சு. மதுரைப் பக்கத்து அம்மா. முன்னால நல்லாச் சுட்டவங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அவங்களுக்கு என்னையக் கண்டா ஆகாது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "அண்ணா, கோவிச்சுக்காம இதைப் பாருங்க"ன்னு செல்போனைக் காட்டுனாங்க. ரெண்டு வீடியோ. ஒண்ணுல நான் ஓரமா நாற்காலியில உக்காந்திருக்கறேன், சுபிக்ஷா தலையைச் சாச்சுக் கன்னத்தை நல்லா அமுத்தி வெச்சு, எப்புடிச் சொல்லிக் குடுத்தேனோ அப்புடியே நிக்கறா. கண்ணுக்கு லட்சணமா இருந்துச்சு. இன்னொண்ணு நான் இல்லாத அன்னைக்கி எடுத்தது. அதுல பாத்தா ஐயோன்னு ஆயிருச்சு. தலை நட்டுக்கிட்டு நிக்குது, கன்னம் கட்டையில படவே இல்லை, தோள்ல பதியிற தட்டை எங்கயோ கீழ எறக்கி வெச்சிருக்கறா. அசலூருல வழி கேக்க நிக்கற ஆளு மாதிரி நிக்கறா பாருங்க!

"பாத்தீங்களாண்ணா?"ங்கறாங்க அந்தம்மா. பாத்தேன் மேடம், நல்லாப் பாத்தேன். நான் ஒரு நாள் வரலைன்னா எம் புள்ளையை எப்புடிக் கெடுத்து வெச்சிருக்கறீங்கன்னு பாத்தேன். உண்மையாலுமே மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேங்க. அந்தம்மா செல்போனை எடுத்து உள்ள வெச்சுக்கிட்டாங்க. நான் அன்னையில இருந்து ஒரு நாள் விடாமப் பிராக்டீஸுக்குப் போயி உக்காந்தேன். கடையில வேலை கெடக்கட்டும், புள்ளைதானே முக்கியம்.

அப்ப மார்க்கு வேற கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நான் பக்கத்துலயே இருந்தும் கொறையுது, என்ன கண்ணு பட்டுச்சோ தெரியலை. ஆடியில அவசரமா பவுண்டரி ஆர்டர் ஒண்ணு வந்துச்சுங்க, கடையை விட்டு நகர முடியலை. அந்தச் சந்துல எஸ்தரம்மா பூந்துட்டாங்க. கிளப்புல கெடந்த அலுமினியக் கட்டை ஒண்ணை எடுத்து மாட்டிக் குடுத்துட்டாங்க. பாக்கோணுமே நீங்க! கம்பி கம்பியா, ஸ்க்ரூ ஸ்க்ரூவா, பந்தல்காரன் கழட்டிப் போட்ட சாமான் மாதிரி இருக்கும். எது வேணா ஏத்தலாம், எது வேணா எறக்கலாம். கன்னம் வெக்கற எடத்தை ரெண்டு விரக்கடை ஏத்தி வெச்சிருந்தாங்க. ரெண்டு விரக்கடைங்க! நான் ஒரு நூலு, அரை நூலுன்னு இழைச்சு இழைச்சு வெச்ச எடம் அது, அங்குலத்துல எட்டுல ஒரு பங்குதானுங்க ஒரு நூலு.

எனக்கு யாரும் சொல்லலை. சாந்தாமணிக்குத் தெரியும், அவளும் சொல்லலை. மாவட்டப் போட்டிக்குப் போயி நின்னாத்தான் தெரியுது. என்ற கட்டையை வாங்குனவங்க அத்தனை பேரும் அங்க இருக்கறாங்க. நான் தல நிமுந்து உக்காந்திருக்கறேன். எம் புள்ளை அந்தக் கம்பியைத் தூக்கிட்டு வந்து நிக்குது. பக்கத்துல இருந்தவன் சிரிச்சுக்கிட்டே, "என்ன அவிநாசிண்ணா, சொந்த மகளே உங்க கட்டையை வெச்சுச் சுடலையாட்டம் இருக்குது?"ன்னான். நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சுங்க. மூஞ்சில கரியைப் பூசிட்டாளேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். நான் வெளிய போயி பெட்டிக்கடையில நின்னுக்கிட்டிருந்தப்போதான் அவ சுட்டது. மாவட்டத்துல மொதலா வந்துட்டா. எப்பவும் சுடறதைக் காட்டிலும் ஒசத்தியாச் சுட்டாளாம். சில நாளைக்கு அப்புடி அமையும்ங்க, அதிர்ஷ்டம்தான்.

வீட்டுக்கு வந்து நான் ஒண்ணும் திட்டலை. சத்தியமாத் திட்டலை. கை நீட்டறவனும் இல்லை நானு. பேசலை, அவ்வளவுதான். அவ முன்னால வந்தா எந்திரிச்சுக் கடைக்குப் போயிருவேன். சோத்தைப் போட்டா, பசியில்லைன்னுருவேன். மனசு விட்டுப் போச்சு, என்ன பண்றது? தீபாவளிக்குத் துணி எடுத்தாந்து காட்டுனா, நல்லாருக்குன்னு கூடச் சொல்லலை. சாந்தாமணி அழுகறா, நீங்க மனுசனா, கல்லான்னு.

பொறவு ஒரு நாள் சாயந்திரம் அவளே கடைக்கு வந்தா. ஸ்கூல் யூனிபார்மோட வந்து மெசின் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, எனக்குப் புதுசா ஒரு கட்டை செஞ்சு குடுங்கப்பா, அதுலயே சுடறேன்"னா. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு. மெசினை நிறுத்திட்டு, வாடி என் தங்கம்னு அவ தலையைத் தடவிக் குடுத்தேன்.

அப்பவே அளவெடுத்தேன். இங்கதான் நீங்க கவனிக்கோணும். அந்த அலுமினியத்துல மூணு மாசமா நின்னுருக்கறா. கழுத்து என்ன கதியாயிருக்குமோன்னு எனக்குப் பயம். பழைய வேங்கையைக் கையில குடுத்து, கண்ணை மூடி வெச்சுப் பாரு அம்மிணின்னேன். வெச்சா. தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அளந்தேன். பழைய அளவேதான்! ஒரு நூல்கூட மாறலைங்க. திருப்பி எறக்கி, திருப்பி வெக்கச் சொல்லி அளந்தேன். அதே அளவு. ரெண்டு விரக்கடை ஏத்துனாங்களே எஸ்தரம்மா, எங்கீங்க போச்சு அந்த ரெண்டு விரக்கடை? உடம்பு பொய் சொல்லாதுங்க. அன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் எறங்குச்சு. நான் செஞ்சது சரின்னு ஆயிப்போச்சுல்ல?

அதே அளவுல இதைச் செஞ்சேன். இந்த வேங்கை அதை விட ஒசத்தி. மழை புடிச்சுக்கிட்டதுல வார்னிஷு காயறதுக்கு நாளாயிருச்சு, இல்லைன்னா முன்னாடியே குடுத்திருப்பேன். மத்தவங்களுக்கு நானே சொல்லுவேன், போட்டி நெருக்கத்துல கட்டையை மாத்தாதீங்க, உடம்பு பழகறதுக்கு ஒரு மாசமாச்சும் வேணும்னு. எம் புள்ளைக்கு என்னத்தைப் புதுசாப் பழகறது, அதே அளவுதானே.

இன்னைக்குக் காலையில எஸ்தரம்மா போன் பண்றாங்க. "அண்ணா, உங்க கால்ல விழுந்து கேக்கறேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க, அந்தப் புள்ளைக்கு இந்த வாய்ப்பு திரும்ப வராது, கை இப்பத்தாண்ணா சரியாயிருக்கு"ன்னு. கை சரியானது இவங்களாலயா? நான் வாங்கிக் குடுத்த கால்சியம் மாத்திரையாலங்க! சுபிக்ஷாகிட்டயே கேட்டுக்கங்க மேடம், எந்தக் கட்டை வேணும்னு அவளே சொல்லட்டும்னேன். "அவ உங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாண்ணா"ன்னாங்க. பாத்தீங்களா, அவங்க வாயாலேயே வந்துருச்சு. எம் புள்ளை என் பேச்சைத் தட்டுனதே இல்லைங்க.

இது வெள்ளகோயில். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? அப்ப பஸ்ஸு நிக்கற நேரத்துல ஒண்ணு பண்ணுங்க. ஜிப்பைத் தொறக்கறேன், ஒருக்கா தோள்ல வெச்சுப் பாருங்க. அட, கூச்சப்படாதீங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இப்புடி எந்திரிச்சு நில்லுங்க. இந்தத் தட்டுத் தோள்ல. கை இங்க. கன்னத்தை எறக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம் எறக்குங்க. ஆங்! எப்புடி இருக்குது? நல்லாருக்குதுங்களா?

நல்லாருக்குதுன்னு சொல்றீங்கல்ல! நான் கேட்டேன்னு சொல்லலையே? இல்லையே? இது எம் புள்ளை அளவு, உங்களுக்கே பொருந்துதுன்னா பாத்துக்குங்க. ஏனுங்க கழுத்தைப் பிடிச்சு விட்டுக்கறீங்க? இந்தச் சீட்டு அப்புடிங்க, சாயவும் முடியாது, நிமுரவும் முடியாது. கவருமெண்டு பஸ்ஸை எவன் டிசைன் பண்றானோ.

இருங்க, போன் வருது. சுபிக்ஷாதான்.

சொல்லு அம்மிணி. ஆமா கண்ணு, வெள்ளகோயில்ல நிக்கறேன். சாப்பிட்டியா? ... கொண்டாறேன், கொண்டாறேன். சூப்பரா வந்திருக்குது, பாத்தீன்னா அசந்துருவே. நான் வந்ததும் மாட்டிரலாம். ... ஆங்? ... நான் எங்க போகப் போறேன்? உள்ளதான் கண்ணு. நேரா உனக்குப் பின்னால மொத வரிசையில உக்காந்திருப்பேன். நீ முடிக்கற வரைக்கும் அசைய மாட்டேன். போதுமா? ... சரி சாமி. சரி. வெச்சிரு.

என்ன கேட்டான்னு தெரியுமுங்களா? "அப்பா, நாளைக்கு நான் சுடறப்போ நீங்க உள்ள இருப்பீங்களா, இல்ல வெளிய நிப்பீங்களா?"ன்னு கேக்கறா. பாத்தீங்களா! மாவட்டப் போட்டியில நான் எந்திரிச்சுப் போனதைப் புள்ளை மனசுல வெச்சுக்கிட்டே இருந்திருக்குது. அதான் உள்ளயே இருப்பேன்னு சொன்னேன். "சரிங்கப்பா"ன்னா.

சரிங்கப்பான்னு சொல்லிட்டு உடனே வெக்கலைங்க. மூச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பொறவு மறுக்கா ஒருக்கா, சரிங்கப்பான்னா. சந்தோசத்துல புள்ளைக்குப் பேச்சே வரலை.

ஏனுங்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? வெயிலு அடிக்குதுங்களா?